கணக்கில் நாலு வாங்கியவன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பேனாவைப் பிடித்தால் ஏர் பிடிக்கிற மாதிரி கை இறுகிக்கொள்கிறது. இரண்டு தடவை உட்கார்ந்து, இரண்டு தடவையும் வேட்டியில் மை கொட்டிக்கொண்டு எழுந்ததுதான் கண்ட பலன். போகட்டும், எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் கிருமாம்பாக்கம் காப்பிக் கடையில் ஒரு பெரிய மனிதர், தம்ளரை ஆற்றியபடி என் நண்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அளவுக்காரன் புள்ள பட்டணத்துக் கொலேழுல படிக்கிறானே, இன்னான்னு நெனைச்சீங்க? எல்லாம் மிராசுதார் சிபாரிசு. கணக்குல நாலு மார்க்கு வாங்கனவன வேற எப்பிடிச் சேப்பாங்க?"

நாலு மார்க்கு என்பது உண்மை. சிபாரிசு என்பது பச்சைப் பொய். அவனைச் சேர்த்துக்கொண்ட அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். அவனைக் கேலி செய்கிற பாத்தியதை இந்த ஊரில் எனக்கு மட்டும்தான். காப்பிக் கடைக்காரர்களுக்கு அதில் பங்கு கொடுக்கிற உத்தேசம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அவனும் நானும் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருக்கிற பாகூர்ப் பக்கம் ஒரே தெருவில் பிறந்தவர்கள். நான் எங்கள் அப்பாவின் மாட்டுவண்டியில் கரும்பும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். அவன் படித்தான். படித்தான் என்றால் சும்மா இல்லை. கொம்யூன் என்கிற பஞ்சாயத்து நடத்தும் பள்ளிக்கூடத்து முசே, அதாவது எங்கள் வாத்தியார், பிரெஞ்சுப் பாடத்தை ஒரு தரம் வாசித்தால் போதும், அவன் திருப்பிச் சொல்லிவிடுவான். சரித்திரம் கேட்டால், பிரான்ஸ் தேசத்து ராஜாக்கள் எல்லாம் என்னவோ எங்கள் ஏரிக்கரையில் குளிக்க வந்தவர்கள் மாதிரி வரிசையாகச் சொல்வான். இருபதுக்குப் பதினாறு, பதினேழு என்று வாங்குவான். கணக்கில் மட்டும் நாலு. ஒரு தடவை மூன்று.

அதற்குக் காரணம் அவன் மூளை இல்லை, அவன் அப்பா. அறுப்புக் காலத்தில் சுற்றுவட்டாரக் களங்களில் நெல் அளக்கிறவர் அவர்தான். மரக்காலை நெல்லில் செருகி எடுத்து, மேலே கோபுரம் மாதிரிக் குவித்து, ஒரு மணி சிந்தாமல் கொட்டுவார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்று பாட்டு மாதிரி இழுப்பார். பிறகு ரெண்டு, மூணு. அம்பாரத்தில் முதலில் சாமிக்கு ஒரு பங்கு போகும். அப்புறம் காவல்காரனுக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, அறுத்தவர்களுக்கு. எல்லாம் போனபிறகுதான் நிலக்காரர் கணக்கு ஆரம்பம். என் நண்பன் நடக்கப் பழகியதே அந்தக் களங்களில்தான்.

இப்படி வளர்ந்தவனிடம் முசே ஒரு கணக்குக் கொடுப்பார். ஒரு வயலில் தொண்ணூறு எக்டோலிட்டர், எக்டோலிட்டர் என்றால் நூறு லிட்டர், தானியம் விளைந்தது. மூன்று சகோதரர்கள் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு எவ்வளவு? எனக்கே தெரியும், முப்பது. இவன் பலகையில் இருபத்தாறு சொச்சம் என்று எழுதி வைத்திருப்பான்.

"இன்னாடா இது?"

"காவக்காரனுக்கும் கொல்லனுக்கும் எடுத்தது போக மிச்சம் முசே."

"இதுல கொல்லன் எங்கடா வந்தான்?"

"அருவா இல்லாம எப்பிடி முசே அறுத்தாங்க?"

பிரம்பு முறிந்த நாள்களும் உண்டு. லிட்டர் கணக்கு என்றால் இன்னும் மோசம். ஒரு தொட்டியில் எத்தனை லிட்டர் அரிசி பிடிக்கும் என்று கேட்டால், விளிம்புக்கு மேலே நிற்கிற குவியலையும் சேர்த்துக் கூட்டுவான். எங்கள் ஊரில் விளிம்போடு வழித்து அளந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகிறவன் திட்டிக்கொண்டே போவான். புத்தகத்தை எழுதினவனுக்கு அது தெரியவில்லை. நான் அவனுக்குக் கோபுரம் என்று பெயர் வைத்தேன். தெருமுனையில் அவன் தலை தெரிந்தாலே, "வாடா கோபுரம், இன்னைக்கு யாருக்கு எவ்ளோ பங்கு குடுத்த?" என்று கத்துவேன். "உன் வாய்க்கு மட்டும் பங்கு இல்ல, போடா" என்பான்.

ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் அவனுக்குப் பட்டணத்துக்குப் போய்ப் படிக்கவேண்டும் என்று வந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்து அங்கே பெரிய கொலேழ், அதாவது பிரெஞ்சுக்கார உயர்பள்ளி, இரண்டு. இரண்டிலும் பொறுக்கித்தான் எடுப்பார்கள். கிராமத்துப் பையன்களுக்கு ஏதோ சில இடம். வயது வரம்பும் உண்டு. அந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் இவன் வரம்பைத் தாண்டிவிடுவான். தாண்டினால் எங்கே போவான் என்பதும் முடிவாகியிருந்தது. அவன் மாமா பட்டணத்து மில்லில் வேலை பார்த்தார். "கொலேழுல வாணாம்னு சொல்லிட்டா மறுநாளே என்னாண்ட அனுப்பு. நூல் சுத்த மில்லுக்காரன் ஆள் கேட்டுனு இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

முதல் கொலேழுக்கு மனு போட்டான். பிறந்த சீட்டு, அம்மை குத்திய சீட்டு, நல்ல பிள்ளை என்று கொம்யூன் ஆபீஸில் கொடுத்த சீட்டு, மார்க்குத் தாள். எல்லாவற்றையும் நான்தான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் கட்டு திரும்பி வந்துவிட்டது. மேலே இரண்டு வரி. முசே படித்துச் சொன்னார். கணக்கில் பத்துக்குக் கீழே எடுத்தவர்கள் இங்கே மனுப் போட வேண்டியதில்லையாம்.

அவன் அந்தத் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். நான் பேச்சுக்கொடுத்தேன்.

"இதுக்குப் போயி மூஞ்ச தொங்கப் போட்டுகினு குந்தியிருக்க? இன்னொன்னு இருக்கில்ல. அந்த மார்க்குத் தாள என்னாண்ட குடு. நாலுக்கு முன்னாடி ஒரே ஒரு கோடு. பதினாலு. எனக்கு எழுதத் தெரிஞ்சதே அந்தக் கோடு ஒண்ணுதான்."

பாதி வேடிக்கைதான். பாதி நிஜமாகவே செய்திருப்பேன். அவன் தாளை என் கைக்கு எட்டாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"எங்கப்பா இத்தினி வருசமா அளக்குறாரு. நெலக்காரன் ஒரு பக்கம் நிக்கிறான், அறுத்தவன் ஒரு பக்கம் நிக்கிறான். ரெண்டு பேரும் எண்ணுறதே கிடையாது, அவுரு கூவறத கேட்டுகினு சும்மா நிக்கிறாங்க. நான் போயி ஒரு கோடு போடட்டுமா?"

நான் நீட்டின கையை மடக்கிக்கொண்டு, அடுத்த மனுவுக்குச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். நான் பிறர் பேச்சைக் கேட்பது அபூர்வம் என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது கொலேழில் இன்னொரு சங்கடம். பையன் தன் கைப்பட ஒரு கடிதமும் எழுதித் தரவேண்டுமாம். எதற்காகச் சேர விரும்புகிறான் என்று. அவன் பிரெஞ்சில் அழகு அழகாக எழுதினான். எழுதி எழுதிக் கடைசியில் அந்த நாலு மார்க்கு வருகிற இடத்தில் நின்றுவிட்டான். சொல்லாமல் விட்டால் மறைத்த மாதிரி. சொன்னால் அதோடு கதை முடிந்தது.

நான் அப்போது மாட்டுக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "எழுதுடா. கணக்குல எனக்கு நாலு. ஏன்னு தெரியணும்னா கூப்டு கேளுங்க, வந்து சொல்றேன். அப்பிடின்னு எழுது."

கேலிக்குச் சொன்னது. அவன் எழுதிவிட்டான்! கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தபிறகு, ஏரிக்கரையில் கால் கழுவிக்கொண்டே, "நீ சொன்ன மாறியே எழுதிட்டேன்" என்றான். என் பேச்சைக் கேட்டு உருப்பட்டவர்கள் எங்கள் தெருவில் அதுவரை யாரும் இல்லை.

கூப்பிட்டுவிட்டார்கள். வாய்ப் பரீட்சைக்கு வரும்படி சீட்டு வந்தது.

அன்றைக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். பட்டணத்தில் அவனுடைய தூரத்து அத்தை ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கொடுக்க அரை மூட்டை நெல் வண்டியில் கிடந்தது. வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை வரும். சுங்கச் சாவடியில் ஒரு சேவகன் மூட்டையைக் குத்திப் பார்த்தான். அப்புறம் இவன் மடியில் இருந்த காகிதக் கட்டைக் காட்டி, "இன்னாய்யா அது?" என்றான். "கணக்குல நாலு மார்க்கு. வரி போடுவீங்களா?" என்றேன். அவன் சிரித்து, எங்களைப் போகவிட்டான். என் நண்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் ராஜாக்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

கொலேழில் என்னை உள்ளே விடவில்லை. தாழ்வாரத்துப் பக்கம் ஜன்னல் திறந்திருந்தது. வண்டியை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன். உள்ளே இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்காரர், தாடி வைத்தவர். இன்னொருவர் நம்மவர், கோட்டும் தலைப்பாகையும்.

முதலில் பிரெஞ்சிலேயே கேட்டார்கள், பிரெஞ்சிலேயே சொன்னான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துவிட்டார். அதுபோதும் எனக்கு. பிறகு அவர் கடிதத்தை எடுத்து, ஒரு வரியை விரலால் தட்டி, "பூர்க்குவா?" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஏன் என்று அர்த்தம். எங்கள் ஊர் முசே பிரம்பை ஓங்கும் முன்னால் கேட்கிற வார்த்தை.

தலைப்பாகைக்காரர் தமிழில் சொன்னார்: "ஏன் நாலுன்னு நேர்ல சொல்றேன்னு எழுதியிருக்க. சொல்லு. தமிழ்லயே சொல்லு, நான் அவருக்குச் சொல்றேன்."

இவன் சுற்றும்முற்றும் பார்த்தான். அலமாரியில் பித்தளையில் ஒரு லிட்டர்ப் படி இருந்தது. "அத எடுத்துக்கலாமா முசே? கொஞ்சம் நெல்லும் வேணும்."

"இங்க நெல்லுக்கு எங்கடா போவேன்?"

"வெளிய இருக்குங்க!" என்று நான் ஜன்னலிலிருந்து கத்திவிட்டேன்.

அப்படித்தான் நான் கொலேழுக்குள் போனேன், தலையில் அரை மூட்டை நெல்லோடு. வாசல் காவல்காரன் என்னைக் கடித்துத் தின்கிற மாதிரி பார்த்தான். இவன் தரையில் உட்கார்ந்தான். படியைச் செருகினான், எடுத்தான், குவித்தான். அவன் அப்பா குவிக்கிற மாதிரியே கூம்பாக நின்றது. "இது ஒண்ணு." அதைத் தனியாகக் கொட்டினான். மறுபடி எடுத்து, இந்தத் தடவை கையால் வழித்தான். "இதுவும் ஒண்ணு. எங்க களத்துல மொதல்ல அளந்ததுதான் அளவு முசே. அதுலயும் சாமிக்கு, காவக்காரனுக்கு, கொல்லனுக்கு எடுத்தாதான் மிச்சம் பங்குக்கு வரும். புஸ்தகத்துல இதப் பத்தி ஒண்ணும் எழுதல. நான் ஊர்ல நடக்கறத எழுதிட்டேன்."

தலைப்பாகைக்காரர் சொல்லி முடித்ததும் தாடிக்காரர் எழுந்து வந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டு, தானும் குவித்துப் பார்த்தார். சரிந்துவிட்டது. இன்னொரு தரம். மறுபடி சரிந்தது. இவன் பயமில்லாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மேலேயிருந்து கொட்டக்கூடாது, உள்ளங்கை ஓரமாக வழியவிட வேண்டும் என்று காட்டினான். மூன்றாவது தரம் நின்றது. வெள்ளைக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதோடு அவனைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் தலைப்பாகைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு, பலகையைக் காட்டினார்.

"சரி. இப்ப சாமி இல்ல, கொல்லன் இல்ல, கோபுரம் இல்ல. அறுபத்தெட்டு லிட்டர். நாலு பிள்ளைங்க. நேரா வகு."

நான் ஜன்னலுக்கு வெளியே விரலிலேயே போட்டுவிட்டேன். பதினேழு. இவன் சுண்ணாம்புக் கட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறான். நேரம் போகிறது. பொறுக்கமுடியாமல் இரண்டு கையையும் ஜன்னலுக்கு நேரே விரித்துக் காட்டினேன். முதலில் பத்து, அப்புறம் ஏழு. அவன் பார்த்தான். நிச்சயமாகப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக, பதினாறு என்று எழுதினான்.

எனக்கு ஜன்னல் கம்பியில் மண்டையை மோதிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"வெளிய யாரு அது, வெரல காட்றது?" என்றார் தலைப்பாகைக்காரர்.

"வண்டி ஓட்டிகினு வந்தவன் முசே. என் சினேகிதன்."

"அவனுக்குக் கணக்கு வருது."

"ஆமா முசே."

"உனக்கு வரல. களத்து மேல பழியப் போடாத."

"ஆமா முசே. எனக்கு வரல."

இதைச் சொல்லும்போது அவன் தலை குனியவில்லை. நான் எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். ஒரு குறையைத் தன் வாயால் இப்படி நேராகச் சொன்னவனை நான் பார்த்ததில்லை. சொன்னபிறகு கேலி செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

இரண்டு பேரும் நெடுநேரம் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். தாடிக்காரர் கடிதத்தைக் காட்டினார், நெல்லைக் காட்டினார். தலைப்பாகைக்காரர் பலகையில் இருந்த பதினாறைக் காட்டினார். கடைசியில் அவரே வந்து சொன்னார். "வகுக்கத் தெரியல. ஆனா கேள்வியக் கேள்வி கேக்கத் தெரியுது. சேத்துக்கறோம். கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும். அதுக்குள்ள கணக்குல பத்து எடுக்கணும். ஒம்போதுன்னா மூட்டையக் கட்டிக்கலாம். புரியுதா?"

கிளம்பும் முன்னால் தரையில் சிந்தின நெல்லை ஒரு மணி விடாமல் நாங்கள் இரண்டு பேரும் பொறுக்கினோம். அத்தை நெல் குறைகிறது என்று சொல்லக்கூடாதில்லையா.

அந்த மூன்று நான்கு மாதம் அவன் பட்ட பாட்டை நான் வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தேன். காய்கறி இறக்கிவிட்டு, அவன் தங்கியிருந்த அத்தை வீட்டுக்குப் போவேன். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பில் "இங்கே களம் இல்லை" என்று தமிழில் எழுதிவிட்டு, அதற்குக் கீழேதான் கணக்கை ஆரம்பிப்பான். சாமி நாமம் எழுதுகிற இடத்தில் இது. நான் சிரித்துச் சிரித்துப் புரண்டேன். அவன் பாட்டுக்கு வகுத்துக்கொண்டிருந்தான். சரியாக வந்தால் அடுத்தது. தப்பாக வந்தால் அதே கணக்கு மறுபடி. ஒரே கணக்கை ஒன்பது தரம் போட்டிருந்த பக்கத்தை நான் பார்த்தேன். மற்றப் பாடங்களில் அவன் கிராமத்துப் பையன்களுக்கெல்லாம் முதல். இதில் மட்டும் ஆறு, ஏழு, எட்டு என்று நொண்டிக்கொண்டு ஏறினான். படிக்கப் பிடிக்கும் என்பதற்காகப் படிக்கிறவர்கள் நிறைய. வராத ஒன்றோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனை நான் அங்கேதான் பார்த்தேன். எனக்கு அந்த நெஞ்சு கிடையாது. ஒரு தரம் வராவிட்டால் நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். அப்படித் திருப்பினதில்தான் மூன்றாவது வகுப்போடு நிற்கிறேன்.

லீவு விடுகிற அன்று மார்க்குகளை வாசல் பலகையில் ஒட்டினார்கள். நான் போனபோது அவன் எதிர்ச்சாரி மதில் நிழலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாயும் தகரப் பெட்டியும். லீவுக்கு எல்லாரும்தான் மூட்டை கட்டுவார்கள். இவன் அத்தை வீட்டில் ஒரு சாமானும் மிச்சம் வைக்காமல் கட்டியிருந்தான்.

"போயிப் பாத்தியா?"

"இல்ல. நீ பாத்துட்டு வா."

"எனக்குப் பிரெஞ்சு எழுத்து சரியாப் படிக்க வராதேடா."

"எண்ணு தெரியுமில்ல. அது போதும்."

போனேன். பையன்கள் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தேன். அவன் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. விரலை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் போனேன். கணக்கு என்ற கட்டத்தில் பதினொன்று. சந்தேகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பையனைக் கேட்டேன். பதினொன்றுதான்.

நேராக ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் நானாக இருக்கமாட்டேன். முகத்தை இழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தெருவைக் கடந்தேன். அவன் எதிரில் போய் நின்று, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒம்போதுடா" என்றேன்.

அவன் துண்டையும் என் முகத்தையும் பார்த்தான். எழுந்து, கட்டி வைத்திருந்த பாயை அவிழ்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"டேய், எங்கடா போற? வண்டி இந்தப் பக்கம் நிக்கிது. ஒம்போதுன்னு சொல்றேன், காது கேக்கலியா?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "சாமானத் திருப்பி வெச்சிட்டு வரேன். நெசமா ஒம்போதுன்னா, என்னத் தேத்த நீ சிரிச்சிகினே வந்திருப்ப, போடா."